விலை கேட்கிறவள்

மாதத்தில் இரண்டு திங்கள்
காரைக்குடிச் சந்தைக்கு வருகிறேன்,
கையில் பை இல்லாமல்.

அதே கடை, அதே ரகம், அதே எடை
என்கிறது படிவம்.
கத்தரிக்காய்க்கு முன் நிற்கிறேன்.
அடைக்கலமேரி கேட்கிறாள்:
"எந்த விலை வேணும்?
எட்டு மணி விலையா, வெயில் ஏறின விலையா,
மூணு மணிக்கு மாட்டுக்குக் கொட்டுற விலையா?"
கட்டம் ஒன்றுதான்.
பதினோரு மணி விலையை எழுதிக்கொள்கிறேன்.
அந்த நேரத்தில் அவளிடம்
யாரும் வாங்குவதில்லை.

வீர.அரு. மளிகையில் சேவுகனுக்கு
நான் வரி ஆபீஸோ என்று இன்னும் சந்தேகம்.
உளுந்தை எட்டு ரூபாய் குறைத்தே சொல்வார்.
ஒருமுறை
அந்த விலைக்கு ஒரு கிலோ போடச் சொன்னேன்.
"அது எழுதுறதுக்கு" என்றார்.

வங்கிக்காரர் வள்ளியப்பன் செக்காலையில் மறிப்பார்:
"கொஞ்சம் கூட்டி எழுதும்மா,
பஞ்சப்படி ஏறட்டும்."
எனக்குப் படிவத்துக்கு இருபத்திரண்டு ரூபாய்.
நாலு வருஷமாக இந்த ஊரில்
ஏறாத விலை அது ஒன்றுதான்.
பட்டியலில் அதற்கு வரிசை எண் இல்லை.

மாதக் கடைசியில் அட்டவணை வரும்:
சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூரு.
நாங்கள் அடியில்,
'பிற' என்ற ஒரு சொல்லுக்குள்
நூறு ஊர்களோடு நெருக்கி உட்கார்ந்திருப்போம்.

அந்த எண்களை எனக்குப் பேசிக் காட்டுவது தம்பிதான்.
"எட்டாயிரத்து ஐந்நூறுக்கா,
அறைக்கு இல்லை, கட்டிலுக்கு.
மேல்கட்டில்னா ஐந்நூறு குறைச்சல்."
மும்பையில் மங்கை அக்கா
தேங்காயைக் கீற்றாக வாங்குகிறாள்.
ஒரு கீற்றின் விலையைக் கேட்டுவிட்டு
எங்கள் முழுக்காயின் விலையை
நான் அவளிடம் சொல்லவில்லை.

வாடகைக் கணக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.
இம்முறை குலுக்கலில் விழுந்தது
கானாடுகாத்தானில் ஒரு வீடு.
முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
பங்காளிகள் பத்தொன்பது பேர், பத்தொன்பது ஊரில்.
குடியிருப்பது
காவல்காரர் பிச்சைக்கண்ணுவும் அவர் சம்சாரமும்,
இரண்டாம் கட்டில் ஓர் அறை.

"வாடகை எவ்வளவு?"

"வாடகையா? எனக்குத்தான் அவுக குடுக்கணும்.
ஆடியிலேர்ந்து வரலை."

மாதம் நாலாயிரம்.
கழித்தல் குறி போட்டு உள்ளிட்டேன்.
செயலி சிவந்தது: சரியான மதிப்பைத் தரவும்.
பூஜ்யம் போட்டேன். அதற்கும் சிவப்பு.
மேற்பார்வையாளர் போனில் சொன்னார்,
"அதே அளவுள்ள பக்கத்து வீட்டு வாடகையைப் போடுங்க."
பக்கத்து வீட்டில் பூட்டு.
அதற்குப் பக்கத்து வீடு ஓட்டல்,
இரவுக்குப் பதினோராயிரம்,
காலை இட்லி சேர்த்து.

படிவத்தை மூடப் போனபோது
பிச்சைக்கண்ணுவின் சம்சாரம் கேட்டாள்,
"பெங்களூர்ல காவலுக்கு என்னம்மா குடுக்குறாக?"

முந்நூற்றுச் சொச்சம் பொருள் இருக்கிறது என் பட்டியலில்,
சவரக்கத்தி முதல் சினிமா டிக்கெட் வரை.
மேலிருந்து கீழே தேடினேன்.
பிறகு தம்பிக்குப் போன் போட்டேன்.

"பதினாறாயிரமாம்" என்றேன்.
அவள் முகம் நிமிர்வதைப் பார்த்து
அவசரமாகக் கட்டில் விலையையும் சொன்னேன்.

"அப்ப ரெண்டு பேருக்கு?"

"பதினேழு."

வாளியில் தண்ணீர் நிறையும்வரை
பேசாமல் நின்றாள்.
குழாயை மூடினாள்.

"மேல்கட்டில் ஐந்நூறு கம்மின்னீகளே,
ரெண்டு பேருமே
மேல ஏறிப் படுத்துக்கிட்டா?"